இடது தோளில் ஒரு நூல்முனை

புரட்டாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அம்மா பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கச் சொல்வாள். அப்பா ஸ்டூலில் ஏறி இறக்கித் தருவார். மூடியைத் திறந்ததுமே பாச்சை உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவும். எனக்கும் தம்பிக்கும் தீபாவளி அந்த வாசனையில்தான் தொடங்கும்.

பெட்டிக்குள் வீட்டிலிருக்கும் அத்தனை ஸ்வெட்டர்களும் இருக்கும். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். பூச்சி அரித்த ஓட்டை வழியாக வெயில் ஊசி மாதிரி உள்ளே வரும். முழங்கை தேய்ந்தது, கழுத்துப் பட்டி தளர்ந்தது, நான் வளர்ந்துவிட்டதால் இனி தம்பிக்குப் போக வேண்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு. பிறகு வாசலில் பாய் விரித்து, கைகளை நீட்டிவிட்டு, எல்லாவற்றையும் படுக்கவைப்பாள். கொடியில் போட விடமாட்டாள். தொங்கினால் கம்பளி தன் கனத்துக்கே இழுபட்டு நீண்டுவிடும். மத்தியானம் பார்த்தால் எங்கள் வாசலில் நாலைந்து பேர் மல்லாந்து படுத்து வெயில் காய்கிற மாதிரி இருக்கும்.

நீலகிரியில் இலையுதிர் காலம் என்று பாடப் புத்தகத்தில் படித்த மாதிரி எதையும் நாங்கள் பார்த்ததில்லை. கற்பூர மரமும் சீகை மரமும் வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். ஆனி, ஆடியில் கொட்டிய மழை ஓய்ந்து, ஐப்பசி மழை வருவதற்குள் கொஞ்ச நாள் தெளிந்த வெயில் கிடைக்கும். ஊட்டிக்கு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதை இரண்டாம் சீசன் என்பார்கள். மலைமேல் குடியிருப்பவர்களுக்கு அது வேலைக்காலம். அடுத்து மழை வரும், மழை விட்டால் உறைபனி வரும், மாசி பிறக்கும்வரை குளிர் விடாது. அதற்கெல்லாம் வேண்டியதை அந்த இருபது இருபத்தைந்து வெயில் நாளுக்குள் செய்து முடித்தாக வேண்டும்.

எங்கள் வீடு கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில் இருந்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில் யெல்லநள்ளியில் இறங்கி, கேரட் தோட்டங்களுக்கு நடுவே கீழே நடந்தால் தகரக் கூரை போட்ட நான்கு வீடுகள் வரிசையாக இருக்கும். அதில் கடைசி வீடு. மலை ரயில் கேத்தி ஸ்டேஷனுக்குள் நுழையும் சத்தம் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துக் கேட்கும். 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியை எடுத்த ஸ்டேஷன் அது. படம் 1982-ல் வந்தபோது, அந்த மழையையும் சேற்றையும் பார்த்துத் தியேட்டரில் எல்லோரும் அழ, எனக்கு நம்ம ஊர் ஐப்பசி என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

அப்பா வேலை பார்த்தது யெல்லநள்ளியில் இருந்த நீடில் இண்டஸ்ட்ரீஸில். 1949-ல் தொடங்கியது. எங்கள் வாயில் அது ஊசிக் கம்பெனி. தையல் ஊசி, குரோஷே ஊசி, ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி எல்லாம் அங்கேயிருந்து 'போனி' என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது. குளிருக்கு ஸ்வெட்டர் பின்னும் ஒரு மலையிலேயே பின்னும் ஊசியும் பிறக்கிறது என்பது சின்ன வயதில் எனக்கு இயல்பாகத் தெரிந்தது. பால் கறக்கிற வீட்டில் தயிர் இருக்கிற மாதிரி. பின்னாளில் வேறு ஊர்க் கடை ஒன்றில் அந்த ஊசியைப் பார்த்தபோது, உறவுக்காரர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் பார்த்தது போல நின்றுவிட்டேன்.

அம்மாவிடம் இரண்டு ஜோடி ஊசி இருந்தது. 12-ஆம் நெம்பர், 10-ஆம் நெம்பர். சாம்பல் நிற அலுமினியக் கம்பி, ஒரு முனையில் குமிழ், குமிழில் நெம்பர். நெம்பர் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும் என்பது எனக்கு வெகு நாள் புரியாத புதிர். அடிப்பட்டியும் கைப்பட்டியும் உடம்பைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு மெலிந்த 12. உடல் பகுதிக்கு 10. வேறு எதற்கு வேண்டுமானாலும் அம்மா அந்த ஊசிகளைத் தருவாள். பாவாடைக்கு நாடா கோர்க்க, உருளைக்கிழங்கு வெந்ததா என்று குத்திப் பார்க்க, தம்பியின் முதுகில் அரிக்கிற இடத்தைச் சொறிய. கண்ணி ஏறியிருக்கும்போது மட்டும் யாரும் தொடக்கூடாது.

அந்த வெயில் நாட்களில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் கூரைமேல் ஏறுவார். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் வருஷா வருஷம் பெரிதாகும். ஒரு பழைய டப்பாவில் தார் காய்ச்சி, குச்சியில் துணி சுற்றி, ஒவ்வொரு ஆணித் தலையிலும் வைப்பார். கீழே வீட்டுக்குள் நின்றுகொண்டு, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று சொல்வது என் வேலை. "அப்பா, விட்டத்துக்கு இடது பக்கம் ஒண்ணு" என்று கத்துவேன். மேலே காலடி நகரும். வெளிச்சப் புள்ளி அணையும். எல்லாப் புள்ளிகளும் அணைந்து வீடு இருட்டாகும்வரை அது நடக்கும். ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளுக்கு மைதாப் பசை காய்ச்சிப் பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டுவது எனக்கும் தம்பிக்கும் விட்ட வேலை. பசையில் பாதி எங்கள் சட்டையில் இருக்கும்.

விறகுதான் பெரிய வேலை. சீகை விறகு நின்று எரியும். கற்பூர மரப் பட்டை உரிந்து சுருள் சுருளாகக் கிடக்கும், அது பற்றவைக்க. இரண்டையும் மழைக்கு முன்னால் சேர்த்து, சமையலறைச் சுவரோரம் என் தோள் உயரத்துக்கு அடுக்கியாக வேண்டும். கற்பூரப் பட்டை எரியும்போது வீடே தைலம் தேய்த்த மாதிரி மணக்கும். சளி பிடித்த குழந்தையை அடுப்பு முன்னால் உட்கார வைத்தாலே போதும் என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

அவர் படகர். வெள்ளைத் துணி உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டியிருப்பார். நாங்களும் அவரை ஹெத்தை என்றுதான் கூப்பிடுவோம். படகு மொழியில் பாட்டியைக் குறிப்பது அந்தச் சொல். அவர்கள் கும்பிடும் ஹெத்தை அம்மனின் பெயரும் அதுவே. அவருக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலையும் உருளைக்கிழங்கும் இருந்தது. ஐப்பசி பிறந்ததும் நாங்கள் அவரோடு தாகை வெட்டப் போவோம். சரிவுகளில் புதராக மண்டிக் கிடக்கும் தாகைச் செடியை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டகைக்குள் போட்டு வைப்பார். பனி விழத் தொடங்கியதும் சாயங்காலம் இளம் தேயிலைச் செடிகளின் தலையில் அதைப் போர்த்துவார். தோட்டத்தையே போர்வைக்குள் தூங்கவைப்பது போல இருக்கும். கட்டு தூக்க உதவியதற்கு எங்களுக்கு ஆளுக்கொரு மரத்தக்காளி கிடைக்கும். புளிக்கும். ஆனாலும் சாப்பிடுவோம்.

இந்த வேலைகளுக்கு நடுவே, எந்த வேலைக்கும் இடைஞ்சல் இல்லாமல், அம்மாவின் கையில் பின்னல் ஓடிக்கொண்டே இருந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பின்னுவாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பின்னுவாள். உலை கொதிக்கும் நேரத்தில் இரண்டு வரிசை ஏறிவிடும். இடுப்பில் செருகிய துணிப் பையிலிருந்து நூல் தானாக வந்துகொண்டிருக்கும். அவள் ஊசியைப் பார்த்து நான் கண்டதில்லை. கண் பாலில் இருக்கும், அல்லது எங்கள்மேல் இருக்கும். விரல்கள் தம்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்.

கடையில் வாங்கும் உல்லன் அப்போது சிட்டமாகத்தான் வரும். அதை உண்டையாகச் சுற்றியபிறகுதான் பின்ன முடியும். சாப்பாடு முடிந்ததும் என்னை எதிரில் உட்கார வைத்து, நீட்டிய இரண்டு கைகளிலும் சிட்டத்தை மாட்டுவாள். இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். அம்மா நூலை இழுத்து உண்டையில் சுற்றச் சுற்ற நான் இடது கையைச் சாய்க்க வேண்டும், பிறகு வலது கையை. சாய்க்கும் தாளம் தவறினால் நூல் சிக்கும்.

"கண்ணு, கையை ஆட்டாத. சாய்ச்சாப் போதும்."

"வலிக்குதும்மா."

"இன்னும் ரெண்டே பாட்டு."

இரண்டு பாட்டு ஆறு பாட்டாகும். சிட்டம் மெலிந்துகொண்டே வரும். கடைசிச் சுற்று விரலைவிட்டு நழுவும்போது கைகள் காற்றில் தானாக மேலே எழும், எடை போய்விட்டதால். அந்த உணர்வை இன்றும் என் முழங்கைகள் மறக்கவில்லை.

1978 நவம்பரில் பெய்த மழையை நீலகிரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. மலை முழுக்க இடம் இடமாக மண் சரிந்தது. அடுத்த வருஷ நவம்பரிலும் அதே கதை. அப்போது எனக்கு எட்டு வயது. பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. தகரத்தின்மேல் விழும் மழையில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரி வரவில்லை. கடைகளில் வெங்காயம் தீர்ந்தது, பிறகு மண்ணெண்ணெய் தீர்ந்தது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மெரூன் நிற உல்லன் தீர்ந்ததுதான் பெரிய செய்தி. பள்ளிக்கூட ஸ்வெட்டர் மெரூன் நிறம். போன வருஷத்தது என் தொப்புளுக்கு மேலே நின்றது. குன்னூரில் இரண்டு கடைகளுக்கு நனைந்துகொண்டே போய்விட்டு வெறும் கையோடு திரும்பிய அம்மா, புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க மெரூனைக் கொஞ்சம் கழட்டுங்க."

அப்பா எதுவும் கேட்கவில்லை. தலைவழியாகக் கழற்றிக் கொடுத்தார்.

அம்மா பின்னுகிற ஸ்வெட்டர்களில் ஒரு ரகசியம் உண்டு. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று நான்கு துண்டுகளையும் அவள் கம்பளி நூலால் சேர்த்துத் தைக்கமாட்டாள். அதே நிறத்தில் பருத்தி நூல் வாங்கி அதனால் தைப்பாள். கழுத்துப் பட்டியைத்தான் கடைசியில் பின்னுவாள். அதை முடிக்கும் நூல்முனையை உள்ளே இழுத்து மறைக்காமல், இடது தோளின் உள்பக்கம் ஒரு உருவு முடிச்சுப் போட்டு விட்டுவிடுவாள். சின்னப் பிள்ளைகள் ஸ்வெட்டர் என்றால் இடது தோளில் தலை நுழைய வழிவிட்டு இரண்டு பட்டன் வைப்பாள். முடிச்சு பட்டனுக்கு அடியில் இருக்கும். பிரிக்க வேண்டிய நாள் வரும் என்று தெரிந்தே பின்னுவாள். இதை அவள் யாரிடமும் கற்றுக்கொண்டதாகச் சொன்னதில்லை. கம்பளி விலை கற்றுக்கொடுத்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பிளேடால் பருத்தித் தையலை மட்டும் அறுத்தாள். அப்பாவின் ஸ்வெட்டர் நான்கு துண்டுகளாகத் தரையில் கிடந்தது. ஒரு மனிதரைப் பிரித்துவைத்தது போலிருந்தது எனக்கு. தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். "அழாதடா, அப்பா இங்கதான் இருக்காரு" என்று அவனை அப்பா மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நூல்முனையைத் தேடி எடுத்து அம்மா என் கையில் கொடுத்தாள்.

"இழு. நிறுத்தாம இழு."

இழுத்தேன். கர்ர்ர் என்ற சின்னச் சத்தத்தோடு ஒரு கண்ணி அடுத்த கண்ணியை விட்டது. அந்தச் சத்தமும் விரலில் படும் அந்தச் சின்ன அதிர்வும் தீராத சந்தோஷம். ஒரு வரிசை முடிந்ததும் நூல் திரும்பி எதிர்ப்பக்கமாக ஓடும். பிரிந்து வரும் நூல் நேராக இருக்காது. சேமியா மாதிரி சுருள் சுருளாக வரும். எத்தனை வருஷம் கண்ணியாக இருந்ததோ அத்தனையையும் நினைவில் வைத்திருக்கும். அதை அம்மா நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வந்தாள். முழங்கைப் பக்கம் வந்ததும் நூல் தேய்ந்து அறுந்தது. அறுந்த இரு முனைகளையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சூடு பறக்க உருட்டினாள். முடிச்சே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

பிறகு சிட்டத்தை நான்கு இடத்தில் கட்டி, பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தினாள். கம்பளியைக் கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. கசக்கினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தடித்துப்போகும். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்தாள். அந்த மழையில் எங்கே காயவைப்பது? அடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டு, சுருள் நீங்க அடியில் அம்மிக் குழவியைக் கட்டிவிட்டாள். நான்கு நாள் அது சமையலறையில் தொங்கிக்கொண்டிருந்தது. சீகைப் புகையும் சாம்பார் வாசனையும் அதற்குள் ஏறின. உலை கொதிக்கும்போதெல்லாம் ஆவியில் காட்டுவாள். மெல்ல மெல்ல நூல் தன் பழைய வளைவுகளை மறந்து நேரானது.

ஐந்தாம் நாள் இஞ்ச் டேப்பை என் மார்பில் சுற்றினாள். 26. மூச்சு விடவும் உள்ளே சட்டை போடவும் 2 சேர்த்து 28. பாதி 14. இஞ்சுக்கு ஏழு கண்ணி. "எவ்வளவு?" என்று என்னைத்தான் கேட்டாள். ஏழாம் வாய்ப்பாடு பதினாலு வரைக்கும் எனக்கு அன்றுதான் வந்தது. 98.

அந்த மழை நாட்களில் பள்ளிக்கூடம் இல்லை. செய்வதற்கும் எதுவும் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். பள்ளியில் கைவேலை வகுப்பு பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான்; பையன்களுக்குத் தோட்ட வேலை. பெண் பிள்ளைகள் நிட், பர்ல் என்பார்கள். அம்மாவுக்கு அது நேர் கண்ணி, புரட்டுக் கண்ணி. அடிப்பட்டிக்கு ஒன்று நேர், ஒன்று புரட்டு. அப்படிப் பின்னினால்தான் அது ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பவும் சுருங்கும். வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழை, நூலைச் சுற்று, வெளியே இழு, பழையதை விடு. இவ்வளவுதான் மொத்தப் பின்னலும். உலகத்தில் உள்ள அத்தனை டிசைனும் இந்த நான்கு காரியம்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு அப்படியே இருக்கிறது.

என் முதல் பத்து வரிசையில் 20 கண்ணி 26 ஆனது, பிறகு 17 ஆனது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் எண்ணு. குறைஞ்சா எங்கயோ ஒண்ணு விழுந்திருக்குன்னு அர்த்தம். மேல பின்னிட்டே போகக் கூடாது. நின்னு தேடு. அது கீழதான் எங்கயாவது வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கும்."

விழுந்த கண்ணியை விட்டுவிட்டால் அது படி இறங்குவது போல ஒவ்வொரு வரிசையாக அவிழ்ந்து கீழே போய்விடும். குரோஷே ஊசியின் கொக்கியால் அதைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக் கொண்டுவந்து, மறுபடி ஊசியில் மாட்ட வேண்டும். இதைச் செய்யும்போது அம்மா மூச்சை அடக்கிக்கொள்வாள். நானும்.

ஒருமுறை நானும் அம்மாவும் ஊட்டிக்குப் போயிருந்தபோது ஒரு தோடர் பெண் வெள்ளைத் துணியை மடியில் போட்டுப் பூவேலை செய்துகொண்டிருந்தாள். சிவப்பும் கறுப்புமான நூல். கோடு கிடையாது, சட்டம் கிடையாது, மாதிரி கிடையாது. துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணிக்கொண்டே ஊசியை விட்டு எடுத்தாள். அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது எனக்கு அந்த விரல் நுனிதான் நினைவுக்கு வந்தது. அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தப் பெண் நிமிர்ந்து அம்மாவின் இடுப்புப் பையில் செருகியிருந்த ஊசிகளைப் பார்த்தாள், சிரித்தாள். "அவங்க துணியில எண்றாங்க, நான் ஊசியில எண்றேன்" என்று அம்மா வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சொந்தக்காரி ஒருத்தியைக் கண்டுபிடித்த மாதிரி.

மழை ஒருவழியாக விட்டது. மேகம் இல்லாத ராத்திரிகள் வந்தன. நிலத்தின் சூட்டைப் பிடித்து வைக்க மேலே எதுவும் இல்லாமல் போகும் அந்த ராத்திரிகளில்தான் மலையில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் காந்தலும் தலைக்குந்தாவும் முதலில் வெளுக்கும். மேட்டில் இருக்கிற வீடு தப்பிக்கும். முதலில் சில நாள் நீர்ப்பனி. புல் நனைந்து கிடக்கும். பிறகு ஒரு காலை கதவைத் திறந்தால் கீழே கேரட் தோட்டம் முழுக்க உப்புத் தூவிய மாதிரி இருக்கும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும். அதை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க முடியும். இட்லி மாவு பொங்கவே பொங்காது. அம்மா மாவுப் பாத்திரத்தை ஒரு பழைய கம்பளியில் சுற்றி, அணைந்த அடுப்பின் சாம்பல் சூட்டோரம், குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். ஹெத்தை விடியுமுன் எழுந்து, தாகை போர்த்தாத செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். பனி படிந்த இலைமேல் நேரடியாக வெயில் பட்டால் இலை கருகிவிடும்; வெயிலுக்கு முன்னால் பனியைக் கரைத்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் வலிக்கும். அவர் கை ஆறாத வெடிப்புகளோடு இருக்கும்.

அப்படி ஒரு காலையில்தான் நான் புது மெரூன் ஸ்வெட்டரைப் போட்டேன். இடது தோளில் இரண்டு பட்டன். அம்மா முடிச்சை உள்ளே தள்ளிப் பட்டனைப் போட்டுவிட்டாள். கழுத்தில் கொஞ்சம் குத்தியது. நான் கையை மடக்கி மூக்கருகே கொண்டுபோனேன். பூந்திக்கொட்டையில் அலசி, நான்கு நாள் புகையில் தொங்கி, ஆவியில் வெந்த பிறகும் அந்தக் கம்பளியில் அப்பாவின் மெஷின் எண்ணெய் வாசனை இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாடம் நடக்கும்போது முகத்தைக் கையில் சாய்த்துக்கொண்டு அதை முகர்ந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினார். இரண்டு சட்டை போட்டு, அதற்குமேல் அம்மாவின் பழைய சால்வையை மடித்து மார்பில் குறுக்கே கட்டி, தலையில் துண்டு. "உங்களுக்குக் குளிரலையாப்பா?" என்றேன். "உள்ள மெஷின் பக்கம் சூடாத்தான் கண்ணு இருக்கும்" என்றார். வெளுத்த தோட்டத்துக்கு நடுவே ஏறிப் போனார். அவர் நடந்த இடத்தில் மட்டும் பனி கலைந்து, பச்சையாக ஒரு கோடு மேலே சாலைவரை போனது. வெயில் வந்து தோட்டம் முழுக்கப் பச்சையாகி அந்தக் கோடு மறையும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அந்த வருஷம் தை மாதம் லாரிகள் எல்லாம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு அம்மா அப்பாவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று பின்னினாள். குளிர் அப்போது பாதிக்குமேல் போய்விட்டிருந்தது.

மெரூன் கம்பளியின் கதை அதோடு முடியவில்லை. எனக்குச் சின்னதானதும் பிரித்துத் தம்பிக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஆனது. மிச்ச நூலில் ஒரு குரங்குக் குல்லா. அதுவும் தேய்ந்தபின், நல்ல இடங்களை மட்டும் எடுத்து, வெவ்வேறு நிறத்து மிச்சங்களோடு சேர்த்துப் பட்டை பட்டையாக ஒரு சதுரம் பின்னினாள். அதுதான் மாவுப் பாத்திரத்தைச் சுற்றும் கம்பளி. அதில் எது யாருடையது என்று எங்களால் சொல்ல முடியும். பச்சை, தம்பி பிறந்தபோது பின்னியது. நீலம், சித்தி கல்யாணத்துக்கு அம்மா போட்டுக்கொண்டு போனது. மெரூன், அப்பா. அப்பா போன பிறகும் வெகு காலம் அந்த மெரூன் பட்டை ராத்திரிகளில் மாவைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தது.

சென்னைக்கு வந்தபிறகு எனக்குக் கம்பளிக்கு வேலை இல்லை. அம்மா கேத்தியிலேயே தம்பியோடு இருக்கிறாள். என் மகளுக்கு ஐந்து வயதானபோது, தன் எழுபத்து மூன்றாவது வயதில், மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினாள். சென்னையில் அதைப் போடும் நாள் வருஷத்தில் இரண்டு கூடத் தேறாது. ஒரு மார்கழி ராத்திரி மகள் அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "அப்பா, இங்க ஒரு நூல் இருக்கு" என்று இழுத்துக்கொண்டே வந்தாள். இடது தோள், பட்டனுக்கு அடியில். உருவு முடிச்சு அவிழ்ந்து, கழுத்துப் பட்டியின் முடிப்பு முழுவதும் அதோடு மேலும் ஒரு வரிசையும் அவள் கையில் சுருள் சுருளாக இருந்தன.

என் மேஜையில் பேனாக்களோடு அம்மாவின் 12-ஆம் நெம்பர் ஊசி ஒரு ஜோடி நிற்கிறது. எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மகள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணியாக ஊசியில் மாட்டினேன். நேர், புரட்டு, நேர், புரட்டு. முடித்து எண்ணினேன். 91. மறுபடி எண்ணினேன். 91. ஒன்றுக்கு ஒன்று மாறி வரும் பட்டியில் ஒற்றைப்படை வரலாமா, வராதா என்று எனக்கு நிச்சயம் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கழுத்துக்கு எத்தனை கண்ணிம்மா?"

அந்தப் பக்கம் யோசிக்கும் நேரம் கூட எடுக்கவில்லை.

"தொண்ணூத்தி ரெண்டு. உனக்கு எத்தனை வருது?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"அப்ப ஒண்ணு விழுந்திருக்கு. மேல பின்னீராத கண்ணு. தேடு."

மகள் வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். வலது தோள் பக்கம், இரண்டு வரிசை கீழே, அது வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.